காண்டெஸாவுக்கு கரண்ட் ஃபேன்

குழு: ஆரப்பாளையம் சொந்தங்கள்

வெள்ளி

கார்த்தி: பெரியப்பா, காண்டெஸா கார் காளவாசல் சிக்னல்ல ரெண்டு தடவை நின்னா டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போயிருது. பெல்ட் ஃபேனைக் கழட்டிட்டு கரண்ட் ஃபேன் போட்டுரலாமா? பழைய 1.5 பெட்ரோல்.

பெரியப்பா: திருமங்கலம் ரோட்டுல 70ல போறப்ப முள்ளு எங்க நிக்குது?

கார்த்தி: நடுவுல. அசையாது.

பெரியப்பா: அப்ப போடலாம். நின்னா ஏறி, ஓடுனா இறங்குதுன்னா காத்து பத்தலை. ஓடுறப்ப ஏறுச்சுன்னா எத்தனை ஃபேன் மாட்டியும் பிரயோஜனம் இல்ல. ரேடியேட்டர் அடைச்சிருக்கும், ஸ்பார்க் டைமிங் பின்னாடி போயிருக்கும், இல்லன்னா கீழ் ஹோஸ் உள்ள உறிஞ்சிச் சப்பிக்கிரும். 60 தாண்டிட்டா முன்னாடி வர்ற காத்தே போதும்.

அருண்: பாக்க மசில் காரு, உள்ள அம்பாசடர் இன்ஜின் 1489 சிசி, 50 குதிரை 😄

முருகேசன் மாமா: அந்த 50 குதிரைக்கும் தண்ணி காட்டணும்ல மாப்ள. கார்த்தி, பெல்ட் ஃபேன் இன்ஜின் வேகத்துக்குத்தான் சுத்தும். ஐடிலிங்ல 800 சுத்து, அதுல என்ன காத்து வரும்? கரண்ட் ஃபேன் நிக்கிறப்பவும் முழு வேகம்.

கார்த்தி: மாருதி 800 ஃபேன் பழசு ஒண்ணு கிடைக்குது.

முருகேசன் மாமா: அது 800 சிசிக்கு வச்சது. வேணாம். 12 இஞ்ச் புல்லர் (ரேடியேட்டருக்குப் பின்னாடி நின்னு காத்தை இழுக்கிறது), 12 வோல்ட், ஓடுறப்ப 10 - 12 ஆம்பியர் இழுக்கிறதா வாங்கு. வாங்குறதுக்கு முன்னாடி ரேடியேட்டர் வலையில இருந்து வாட்டர் பம்ப் புல்லி மூக்கு வரைக்கும் அளந்து சொல்லு.

கார்த்தி: பழைய ஃபேனைக் கழட்டிட்டு அளந்தா 95 மில்லி.

முருகேசன் மாமா: ஒல்லி ஃபேன் 65 மில்லி கனம் இருக்கும். மிச்சம் 30. 20க்குக் கீழ போனா விடக் கூடாது. பிரேக் அடிக்கிறப்ப இன்ஜின் ரப்பர் மவுண்ட்ல முன்னாடி சாயும், புல்லி ஃபேன் மோட்டார்ல போய் இடிக்கும்.

பெரியப்பா: கழட்டிட்டியா? அந்த நாலு போல்ட்டும் ஃபேனையும் புல்லியையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஃபேன் போனதும் போல்ட் நீளமாயிரும். நுனி உள்ள தட்டி நிக்கும், 7/16 ஸ்பேனருக்கு இறுகுன மாதிரியே இருக்கும், புல்லி மட்டும் ஆடும். ஃபேன் தகடு எத்தனை மில்லியோ அத்தனை மில்லிக்கு வாஷர் போடு, இல்ல கட்டை போல்ட் போடு. இஞ்ச் திரெட்டு அது. மில்லிமீட்டர் போல்ட்டைத் திணிச்சா ஹப்பு போச்சு.

சித்தி: ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு யார் யார் வர்றீங்கன்னு கேட்டு ரெண்டு நாளாச்சு.

கார்த்தி: எல்லாரும் வர்றோம் சித்தி.

சித்தி: அந்தக் காருலயா?

சனி

கார்த்தி: ஃபேன் வந்துருச்சு. வலைக்குள்ள விட்டு மாட்ட பிளாஸ்டிக் டை கூடவே கொடுத்திருக்கான்.

பெரியப்பா: அதைத் தூக்கி ஓரமா வை. ஃபேன் அதிர அதிர டை வலையைத் தேய்க்கும், பித்தளைக் குழாய் காகிதம் மாதிரி மெலிசு, ஆறே மாசத்துல ஒழுகும். ரேடியேட்டர் ரெண்டு பக்கமும் போல்ட் ஓட்டை இருக்கிற சேனல் இருக்கும். அதுல இருந்து 25க்கு 3 அலுமினியப் பட்டை ரெண்டு குறுக்கே போட்டு அதுல ஃபேனை மாட்டு. ரேடியேட்டர்லயே பிராக்கெட் பத்த வைக்கிறேன்னு யாராவது சொன்னா கேட்காத, தொட்டியில இருக்கிற ஈயமெல்லாம் உருகிரும்.

முருகேசன் மாமா: வட்டம் மறைக்கிற இடத்துல மட்டும்தான் காத்து இழுக்கும், நாலு மூலையும் சும்மா கிடக்கும். அதனால 1.2 மில்லி அலுமினியத் தகட்டுல ரேடியேட்டர் முழுசையும் மூடுற மாதிரி ஒரு ஷ்ரவுட் மடிச்சுக்கோ, 40 மில்லி ஆழம், ஓரமெல்லாம் ஸ்பாஞ்ச் ரப்பர். கீழ் மூலை ரெண்டுலயும் ஓட்டை வெட்டி ரப்பர் தகடு தொங்க விடு. நிக்கிறப்ப ஒட்டிக்கிரும், ஓடுறப்ப காத்து தள்ளித் திறந்துக்கிரும். இது இல்லன்னா சிக்னல்ல குளிர்ந்து ஹைவேல சூடாகும். நிறையப் பேரு இங்கதான் கோட்டை விடுறாங்க.

கார்த்தி: ஒயரிங் மாமா?

முருகேசன் மாமா: 40 ஆம்பியர் ரிலே, சின்ன கரண்ட்ல பெரிய கரண்டை ஆன் பண்ற ஸ்விட்ச் அது. 30ங்கிற பின்னுக்கு பேட்டரி பிளஸ்ல இருந்து நேரா, நடுவுல 30 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் பேட்டரியில இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும். 87 ஃபேனுக்கு. 86 சாவி போட்டா கரண்ட் வர்ற ஒயருக்கு, 5 ஆம்பியர் ஃப்யூஸ் வச்சு. 85 தெர்மோ ஸ்விட்சுக்கு. ஸ்விட்ச் சூடானா எர்த் கொடுக்கும், ரிலே இழுக்கும். ரிலேவைப் பின் கீழ பாக்க மாட்டு, மழைத் தண்ணி தேங்காது.

அருண்: சாவி ஒயர்ல இருந்தே ஃபேனுக்குக் கொடுத்தா என்ன மாமா? ரிலே செலவு மிச்சம்.

முருகேசன் மாமா: சாவி ஸ்விட்ச் கருகும். அது போக, நீ ஆஃப் பண்ணினாலும் சுத்திக்கிட்டிருக்கிற ஃபேன் டைனமோ மாதிரி கரண்ட் திருப்பி அனுப்பும், இக்னிஷன் காயிலுக்குப் போய் இன்ஜின் நிக்காம இழுத்துக்கிட்டே கிடக்கும்.

மீனா அக்கா: ஃபேன் ஒயர் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) போடு கார்த்தி. போக வர 4 மீட்டர், 12 ஆம்பியர்னா 1.5 ஸ்கொயர்ல 0.6 வோல்ட் ஒயர்லயே போயிரும். 4 ஸ்கொயர்ல 0.2தான். ஒயர் நுனியில மாட்டுற லக்கைப் பிளையர்ல நசுக்காத, க்ரிம்பிங் டூல்ல அடி.

பெரியப்பா: தண்ணி சூடானதும் ரேடியேட்டருக்குத் திறந்து விடுற வால்வு, அந்த தெர்மோஸ்டாட் இருக்கா, எவனாச்சும் கழட்டி எறிஞ்சிட்டானா?

கார்த்தி: இருக்கு. 82 டிகிரின்னு குத்தியிருக்கு.

பெரியப்பா: நல்லது. ஸ்விட்ச் 92ல ஆன், 87ல ஆஃப் ஆகுறதா வாங்கு, எம் 22 திரெட்டு. ஆஃப் ஆகுற சூடு 82க்குக் கீழ இருந்துச்சுன்னா ஃபேன் நிக்கவே நிக்காது. மேல் ஹோஸை வெட்டி நடுவுல அலுமினிய அடாப்டர் வச்சு அதுல மாட்டு. கீழ் ஹோஸ்ல இதே ஸ்விட்ச் வச்சா தண்ணி ஏற்கெனவே ஆறியிருக்கும், இன்ஜின் கொதிக்கிற வரைக்கும் அதுக்குத் தெரியாது.

ஞாயிறு, மாலை

கார்த்தி: எல்லாம் மாட்டிட்டேன். மேல் ஹோஸ் தொட முடியல, முள்ளு முக்காலுக்கு மேல. ஃபேன் ஓடல!

முருகேசன் மாமா: இன்ஜினை நிறுத்து. சாவியை மட்டும் போட்டுட்டு, ஸ்விட்ச் ஒயரைப் பிடுங்கி பாடியில தொடு.

கார்த்தி: தொட்டா டக்குனு ரிலே சத்தம், ஃபேன் ஓடுது. காகிதம் முன்னாடி கிரில்ல ஒட்டிக்குது.

முருகேசன் மாமா: அப்ப ரிலே, ஃப்யூஸ், சுத்துற பக்கம் எல்லாம் சரி. அடாப்டருக்கு எர்த் இல்ல. ரெண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ்தானே, அது அந்தரத்துல தொங்குது. மீட்டர் வச்சு அடாப்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் பாரு.

கார்த்தி: ஆமா, ஓப்பன் காட்டுது.

மீனா அக்கா: அடாப்டர்ல சின்ன ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், எர்த்துக்குத்தான் அது. அங்க இருந்து இன்ஜின் பிளாக்குக்கு 1.5 ஸ்கொயர் ஒயர். ஸ்விட்ச் திரெட்ல டெஃப்லான் டேப் சுத்தினியா?

கார்த்தி: நாலு சுத்து...

மீனா அக்கா: ஆறட்டும், அப்புறம் பிரி. டேப்பும் எர்த்தைத் தடுக்கும். செம்பு வாஷர் போதும்.

பெரியப்பா: சூட்டுல மூடியைத் திறந்துராத. ஆறினதும் வண்டி மூக்கை மேட்டுல ஏத்தி நிறுத்தி தண்ணி ஊத்து. மேல் ஹோஸ்ல காத்து நின்னா ஸ்விட்ச் தண்ணியில நனையாது, சூடும் தெரியாது. நம்ம போர் தண்ணி வேணாம், உப்புப் படிஞ்சுரும். டிஸ்டில்டு வாட்டர் பாதி, கூலன்ட் பாதி.

சித்தி: காதுகுத்துக்கு ஆட்டோவுல வந்ததுக்குக் காரணம் இப்பப் புரியுது.

இரவு 8:40

கார்த்தி: ஓடுது! 3 நிமிஷம் ஓடி நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல மறுபடியும் ஆன்.

முருகேசன் மாமா: ஹெட்லைட்டும் போட்டு ஐடிலிங்ல பேட்டரி வோல்ட் பாரு.

கார்த்தி: ஃபேன் ஓடுறப்ப 12.4.

முருகேசன் மாமா: பத்தாது, பேட்டரி தின்னுது. 13.2க்கு மேல நிக்கணும். பெல்ட் நடுவுல கட்டைவிரலால அழுத்து, அரை இஞ்சுக்கு மேல இறங்குதா?

கார்த்தி: ஒரு இஞ்ச் இறங்குது.

முருகேசன் மாமா: புல்லியைக் கழட்டி மாட்டினப்ப லூசாயிருக்கு. ஆல்டர்னேட்டரைத் தள்ளி இறுக்கிட்டுப் பாரு.

இரவு 9:15

கார்த்தி: 13.4.

முருகேசன் மாமா: ரிலேவையும் ஃப்யூஸ் கூட்டையும் தொட்டுப் பாரு.

கார்த்தி: ரிலே வெதுவெதுன்னு இருக்கு. ஃப்யூஸ் கூட்டுல ஒரு பக்கம் மட்டும் சுடுது.

முருகேசன் மாமா: அந்தப் பக்கத்து லக்கு சரியாக் கடிக்கல. வெட்டிட்டுப் புதுசு அடி. ஃப்யூஸைப் பெருசாக்கிராத.

பெரியப்பா: காலைல வண்டி ஆறினதும் தண்ணி பாரு. அரை லிட்டராவது குடிச்சிருக்கும்.