கிட்டார் இரையுது, கம்பியைத் தொட்டா அடங்குது, மைக்ல வாய வச்சா சுர்ருங்குது

வில்லாபுரம்_ஆறுகம்பி கேட்டது:

ஸ்ட்ராட் மாடல் எலக்ட்ரிக் கிட்டார், மூணு பிக்கப்பும் (கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) சிங்கிள் காயில், அதாவது ஒத்தைச் சுருள். 20 வாட் ட்ரான்சிஸ்டர் ஆம்ப், மூணு பின் ப்ளக், ஸ்பைக் பஸ்டர்ல சொருகியிருக்கு. அதே பஸ்டர்ல ஒரு சின்ன மிக்சர், அதோட அடாப்டர் ரெண்டு பின். வாடகை வீடு, பழைய வயரிங். ஆம்ப்ல கெய்னை (சிக்னலைப் பெருக்குற திருகு) பாதிக்கு மேல ஏத்துனா சிள்வண்டு மாதிரி இரைச்சல். கம்பியில கைய வச்சா முக்காவாசி அடங்குது. கம்பியைப் பிடிச்சுக்கிட்டே மைக்ல வாய வச்சா உதட்டுல சுர்ருங்குது. பிக்கப்பை மாத்தணுமா, உள்ள காப்பர் ஒட்டுனாப் போதுமா? இப்ப இருக்கிற 250 கே (கிலோ ஓம்) வால்யூம் பாட்டையும் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு) மாத்தணுமா?

ஈயமும்_குங்கிலியமும்:

பிக்கப்புக்கு இப்பவே காசை இறைக்காதீங்க தம்பி. உதட்டுச் சுர்ரு சத்தப் பிரச்சினை இல்ல, கரண்டுப் பிரச்சினை. அதை முதல்ல முடிங்க.

கிட்டார் கம்பி, பிரிட்ஜ் (கம்பியைத் தாங்குற உலோகப் பகுதி) வழியா ஆம்ப் சேஸிஸோட (உலோகச் சட்டம்) சேர்ந்திருக்கு. சேஸிஸ் எர்த்தோட சேர்ந்திருக்கணும். மிக்சர் அடாப்டர்ல எர்த் கிடையாது. அதுக்குள்ள இருக்கிற சின்ன கெப்பாசிட்டர் வழியா கசியுற கரண்டால மிக்சர் பாடியும் மைக் வலையும் மெயின்ஸ்ல பாதி வோல்ட்டுல மிதக்கும். கை கம்பியில, வாய் மைக்குல. நடுவுல நீங்க தான் வயர்.

மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் ரேஞ்சுல வச்சு, சுவர் சாக்கெட்ல மூணு அளவு எடுங்க. சாக்கெட்டைப் பாத்து நின்னா மேல பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல் (பழைய வீட்டுல மாத்திக் குடுத்திருந்தாலும் ஆச்சரியம் இல்ல). ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம் வரணும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்குள்ள. பஸ்டர்லயும் இதே மூணை எடுங்க. மலிவு பஸ்டர்ல எர்த் தகடு ப்ளக்கைத் தொடாமலே நிக்கிறது சகஜம்.

வில்லாபுரம்_ஆறுகம்பி:

ஃபேஸ்–நியூட்ரல் 228. ஃபேஸ்–எர்த் 131. நியூட்ரல்–எர்த் 94. பஸ்டர்லயும் சுவர்லயும் ஒரே அளவு தான்ணே.

ஈயமும்_குங்கிலியமும்:

அப்ப அந்த எர்த் துளை சும்மா பேருக்குத் தான் இருக்கு, வயர் எங்கயோ அந்துருக்கு. 131, 94ன்னு நடுவுல தொங்குற நம்பர் வந்தாலே எர்த் மிதக்குதுன்னு அர்த்தம். சரிபண்ற வரைக்கும் மைக்கையும் கிட்டாரையும் சேத்துத் தொடாதீங்க.

வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வச்சுப் பாக்கச் சொல்லுங்க. மீட்டர் போர்டுல இருந்து உங்க வீட்டுக்கு எர்த் வயர் ஏறியிருக்கான்னு பாக்கணும். ஏறியிருந்தா அடுத்தது எர்த் குழி. 2.5 மீட்டர் ஜி.ஐ. பைப், சுத்தி உப்பும் கரியும் போட்டது தான் வழக்கமான குழி. நம்ம ஊரு வெயில்ல மண்ணு காஞ்சு போனா அது இருந்தும் இல்லாத கதை. சித்திரை, வைகாசியில வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும். போர்டுல 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சாத் துண்டிக்கிற ஸ்விட்ச்) இல்லேன்னா அதையும் போடச் சொல்லுங்க. ஆனா அதைப் போட்டுட்டு எர்த்தை விட்டுறக் கூடாது.

யாராவது மூணு யோசனை சொல்வாங்க, மூணையும் செய்யாதீங்க. சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு வயரால சேக்குறது: நியூட்ரல் அறுந்த அன்னிக்குக் கிட்டார் கம்பியில முழு 230 நிக்கும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 100 வாட் பல்பு வச்சுப் பாக்குறது: எர்த் அறுந்த வீட்டுல அந்த நேரம் ஃப்ரிட்ஜ், கிரைண்டர், ஆம்ப் எல்லாத்தோட பாடிக்கும் பல்பு வழியா ஃபேஸ் போகும். எர்த் பின்னை வெட்டுறது: மேடைக்காரங்க பழைய வித்தை, ரெண்டு ஆம்ப் சேத்தா வர்ற லூப் இரைச்சல் போறது நெசம் தான். அதுக்கு ஆடியோ லைன்ல ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கு, அதைப் போடணும்.

பசுமலை_டோன்:

எர்த் சரியானதும் கிட்டார் பக்கம் வாங்க. காதால பிரிச்சுப் பாக்கணும். ஆம்ப்ல கேபிளை உருவுங்க, இரைச்சல் இருந்தா ஆம்ப் கோளாறு. கேபிளைச் சொருகி வால்யூமைச் சைபர்ல வச்சும் இரைஞ்சா கேபிள், ஜாக், இல்ல கிரவுண்ட் வயர். வால்யூம் முழுசா வச்சா மட்டும் இரைஞ்சா பிக்கப் பிடிக்குது.

அதுலயும் ரெண்டு வகை. வட்டமா "ம்ம்ம்"னு வந்து, கிட்டாரைத் திருப்பத் திருப்பக் கூடிக் குறைஞ்சா ட்ரான்ஸ்ஃபார்மரோட 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம். கரகரன்னு சிள்வண்டு மாதிரி வந்து, கம்பியைத் தொட்டதும் அடங்கினா மின்புலம். உங்களுது பெரும்பாலும் ரெண்டாவது. தொட்டா அடங்குறது நல்ல அறிகுறி, பிரிட்ஜ் கிரவுண்ட் வயர் உயிரோட இருக்கு. தொட்டா கூடினா தான் அந்த வயரைத் தேடணும்.

காப்பர் ஃபாயில் அடக்குறது இந்தக் கரகரப்பை மட்டும் தான். "ம்ம்ம்" காப்பருக்கு மசியாது. அதுக்கு ஆம்பை விட்டு ரெண்டு மீட்டர் தள்ளி உக்காருங்க, இல்ல கிட்டாரோட பிக்கப் ஸ்விட்ச்சை 2வது இல்ல 4வது இடத்துல வையுங்க. நடு பிக்கப் மத்த ரெண்டுக்கும் எதிர்ச்சுத்துல இருந்தா அந்த ரெண்டு இடத்துலயும் ஹம் அடிபட்டுப் போகும்.

ஒட்டுற விதம்: கம்பியைத் தளர்த்தி, பிக்கார்டோட (கிட்டார் முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகடு) 11 ஸ்க்ரூவையும் கழட்டி, வயருங்க எங்க போகுதுன்னு போட்டோ எடுத்துக்கோங்க. 50 மி.மீ. அகல டேப், 4 மீட்டர் தாராளம். பசையும் கரண்டு கடத்துற டேப்பா கேட்டு வாங்குங்க. தகட்டுக்கு அடியில இருக்கிற கிட்டார் குழிக்குள்ள அடி, பக்கம் எல்லாம் ஒட்டி, துண்டுக்குத் துண்டு 5 மி.மீ. ஏத்தி ஒட்டணும். பசையை நம்பாம ஒவ்வொரு இணைப்புலயும் ஒரு பொட்டு ஈயம். ஒரு ஸ்க்ரூ துளை பக்கம் டேப்பை மேல மடிச்சு விடுங்க. பிக்கார்டை மூடும்போது அதுக்கு அடியில ஒட்டுன டேப்பும் இதுவும் அழுந்தணும். மூலைக்கு மூலை மீட்டர் வச்சா 1 ஓமுக்குள்ள வரணும். கடைசியா குழி டேப்புல இருந்து ஒரே ஒரு வயர் வால்யூம் பாட் முதுகுக்கு.

மூடினதும் சத்தமே வரலேன்னா பயப்படாதீங்க. ஜாக்கோட டிப் காலோ (சிக்னல் போற கால்) ஸ்விட்ச் காலோ டேப்பைத் தொட்டிருக்கும். அந்த இடங்கள்ல முன்னாடியே இன்சுலேஷன் டேப் போட்டுருங்க.

பாட் முதுகுல ஈயம் பிடிக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் பத்தாது. பாட் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், நீங்க அழுத்திக்கிட்டே இருப்பீங்க, உள்ள இருக்கிற கார்பன் தடம் வெந்துரும். 60 வாட் எடுத்து, முதுகை உப்புத்தாள்ல தேச்சு, 60/40 ஈயம், 3, 4 செகண்டுல வேலை முடியணும். 250 கே மாத்த வேண்டாம், சிங்கிள் காயிலுக்கு அது தான் சரி. ஹம்பக்கர் (ரெட்டைச் சுருள் பிக்கப்) போட்டா 500 கே பாக்கலாம்.

மாட்டுத்தாவணி_பேஸ்:

சமையல் அலுமினிய ஃபாயில் ஆகாதா? டேப் விலை கூட இருக்கே.

பசுமலை_டோன்:

அதுல ஈயம் ஒட்டாது, ஒட்டுற பசையே நடுவுல இன்சுலேஷனா நிக்கும். பிக்கார்டு அடியில மட்டும்னா பூஜைச் சாமான் கடையில எந்திரம் எழுத விக்கிற மெல்லிசு செப்புத் தகடு அருமையா வேலை செய்யும். வரைஞ்ச தகடு வேண்டாம், வெறும் தகடு கேளுங்க :)

வில்லாபுரம்_ஆறுகம்பி:

போர்டு பக்கம் எர்த் வயர் கருகி அந்து கிடந்துச்சு, மாத்தியாச்சு. இப்ப 229, 228, நியூட்ரல்–எர்த் 1.4. சுர்ரு போயிருச்சு. டேப்பும் ஒட்டியாச்சு, 0.6 ஓம். ஆனா ஃபேனை 3ல வச்சா மட்டும் கொஞ்சம் கரகரப்பு, 5ல இல்ல.

ஈயமும்_குங்கிலியமும்:

ரெகுலேட்டர் தான். வழுவழுன்னு திரும்புற டிம்மர் வகை, அலையை நடுவுல வெட்டி வெட்டி விடும், அந்த வெட்டு தான் கேக்குது. டக்கு டக்குன்னு விழுற ஸ்டெப் ரெகுலேட்டர் கெப்பாசிட்டர் வகை, அது வெட்டாது, அதை மாத்துங்க. இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா இருந்தா கரண்டு போன நேரத்துலயும் இதே கரகரப்பு வரும், அப்பக் கிட்டாரைத் திரும்பக் கழட்டாதீங்க.