பரலோகப் பாடல்கள் 19ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏன் இத்தனை?

கேள்வி:
பழைய ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்களில் பரலோகம் என்ற தலைப்பைத் திறந்தால், நான் விரும்பிப் பாடுகிறவற்றில் முக்கால்வாசி 19ஆம் நூற்றாண்டுப் பாடல்களாகவே இருக்கின்றன. ஆற்றங்கரையில் கூடுவோம், அக்கரையில் சந்திப்போம், பேர் கூப்பிடும்போது அங்கே இருப்போம் என்று எதை எடுத்தாலும் பிரிந்தவர்கள் சேருவதுதான் பேச்சு. இதையெல்லாம் எழுதியவர்கள் யார்? துக்கத்தில் எழுதினார்களா?

பதில் 1:
சாவு அவர்களைச் சுற்றியே இருந்தது. ‘ஷால் வி கேதர் அட் தி ரிவர்’ எழுதிய ராபர்ட் லோரி அமெரிக்காவின் புரூக்ளினில் பாப்டிஸ்ட் சபைப் போதகர். 1864 ஜூலை, நல்ல வெயில், ஊரில் கொள்ளைநோய், போதாததற்கு உள்நாட்டுப் போரும் முடிந்தபாடில்லை. மரண ஆற்றைப் பற்றி எல்லாரும் பாடுகிறார்களே, பைபிளில் வெளிப்படுத்தல் 22இல் வரும் ஜீவநதியைப் பற்றி ஏன் யாரும் பாடுவதில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, அந்தக் கேள்வியே பாட்டாகிவிட்டது. ஜேம்ஸ் பிளாக் 1893இல் எழுதிய ‘வென் தி ரோல் இஸ் கால்டு அப் யாண்டர்’ பாட்டும் அப்படித்தான்: ஞாயிறு பள்ளியில் பேர் வாசித்தபோது ஒரு சிறுமி மட்டும் பதில் சொல்லவில்லை, அவள் வரவில்லை. பரலோகத்தில் பேர் கூப்பிடும்போதும் இப்படி யாராவது விட்டுப்போனால் என்ற நினைப்பில் பிறந்த பாட்டு.

பதில் 2:
எல்லாவற்றையும் துக்கத்தில் சேர்க்காதீர்கள். ‘ஸ்வீட் பை அண்ட் பை’ 1867இல் விஸ்கான்சின் மாநிலத்து எல்க்ஹார்னில் ஒரு மருந்துக் கடையில் பிறந்தது. கடைக்காரர் சான்ஃபோர்டு பென்னெட் மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறார், மெட்டுப் போடுகிற நண்பர் ஜோசப் வெப்ஸ்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறார். அவருக்கு அடிக்கடி மனம் சோர்ந்துபோகும், பென்னெட்டுக்கு அது பழகின விஷயம். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, போகப்போக (ஆங்கிலத்தில் ‘பை அண்ட் பை’) சரியாகிவிடும் என்றாராம். அந்தப் பதிலையே பிடித்துக்கொண்டு பென்னெட் அங்கேயே மூன்று சரணமும் பல்லவியும் எழுதிக் கொடுக்க, வெப்ஸ்டர் வயலினை எடுத்து மெட்டமைத்து, அரை மணி நேரத்துக்குள் கடையில் இருந்த இன்னும் இருவரோடு நாலு குரலில் பாடியும் விட்டார்கள். சோர்ந்துபோன ஒரு நண்பரைத் தேற்ற எழுதினது, அதனால்தான் இன்னும் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

பதில் 3:
நீங்கள் சொன்ன எல்லாம் அமெரிக்கப் பாடல்கள், சந்திப்பு அவற்றில்தான் தூக்கல். ஸ்காட்லாந்துப் பக்கம் வாருங்கள். ஒரு போதகரின் மனைவியான ஆன் ராஸ் கசின் 1857இல் வெளியிட்ட ‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் ஆர் சிங்கிங்’ வேறு ரகம். 1661இல் இறந்த ஸ்காட்லாந்துப் போதகர் சாமுவேல் ரதர்ஃபோர்டின் கடிதங்களையும் கடைசி வார்த்தைகளையும் கோத்து அவர் எழுதினது. மணவாட்டி தன் உடையைப் பார்ப்பதில்லை, மணவாளன் முகத்தைத்தான் பார்க்கிறாள். நானும் மகிமையைப் பார்க்கமாட்டேன், என் ராஜாவைப் பார்ப்பேன் என்று வருகிறதே, அந்த இடம்! உறவினரைப் பார்ப்பது பிறகுதான், முதலில் இயேசு. என்னைக் கேட்டால் அந்த நூற்றாண்டிலேயே உயர்ந்த பரலோகப் பாட்டு இதுதான்.

கேள்வி கேட்டவர்:
இதை நான் பாடியிருக்கிறேன், ஆனால் நாலைந்து சரணம்தான் தெரியும். மீதி இருக்கிறதா?

பதில் 3:
மொத்தம் 19. புத்தகங்களில் வெட்டிவிடுகிறார்கள். ரதர்ஃபோர்டு போதகராக இருந்த ஆன்வொத் ஊர் பேரோடு வருகிற சரணங்கள் பெரும்பாலும் விட்டுப்போகும், அவற்றை அவசியம் தேடிப் படியுங்கள்.