புகைபோக்கி வைத்தும் அடுப்பு வாயிலேயே புகை வருகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி:
ஓட்டு வீடு. கொடியடுப்புடன் (பக்கத்தில் உள்ள துணை அடுப்பு) கூடிய மண் அடுப்பு. 3 அங்குலத் தகரக் குழாய், இரண்டு எல்போ (வளைவு) போட்டுச் சுவர் வழியாக வெளியே போய், ஓட்டு விளிம்புக்குக் கீழேயே முடிகிறது. பற்ற வைத்ததும் புகை முகத்தில் அடிக்கிறது. குழாய் இணைப்பில் கறுப்பாகக் கசிகிறது. விறகு, போன மாதம் வெட்டிய வேலிக்காத்தான் (சீமைக் கருவேலம்).

பதில் 1:
குழாய்தான் முதல் குற்றவாளி. 4 அங்குலமாக மாற்றுங்கள். ஒவ்வொரு வளைவும் குழாய் புகையை இழுக்கும் இழுவையைக் குறைக்கும், கரியும் அங்கேதான் படியும். முனை கூரை உச்சியைவிட 2 அடியாவது உயர வேண்டும்; இல்லையென்றால் கூரையில் மோதும் காற்று புகையைத் திருப்பி அனுப்பும். கூரையின் மரச் சட்டம், ரீப்பர் எதுவும் குழாய்க்கு ஒன்றரை அடிக்குள் இருக்கக் கூடாது. பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம்.

பதில் 2:
கறுப்புக் கசிவுக்குக் காரணம் ஈர விறகு. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். தீயின் சூடு அதை ஆவியாக்கவே செலவாகும். எரியாத புகை குளிர்ந்த குழாயில் தாராகப் படியும். அந்தப் படிவு தீப்பிடித்தால் கூரைக்கே ஆபத்து. வேலிக்காத்தான் கெட்டி மரம், உருட்டாக விட்டால் சீக்கிரம் காயாது. ஒன்றிரண்டு அங்குலக் கனத்தில் பிளந்து, கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களில் காற்றோடட்டும். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டைகளைத் தட்டுங்கள், கணீரென்று கேட்க வேண்டும். எரியும்போது நுனியில் நுரை வந்தால் இன்னும் காயவில்லை.

பதில் 3:
கொடியடுப்பைத் திறந்து போடாதீர்கள். குழாய் அந்த ஓட்டை வழியாக வீட்டுக் காற்றை இழுத்துக்கொள்ளும், அடுப்பு வாயில் இழுவை இருக்காது. பாத்திரம் இல்லாதபோது தட்டு போட்டு மூடுங்கள். பற்ற வைக்குமுன் தென்னம் பன்னாடையைக் கொளுத்தி குழாயின் அடியில் காட்டினால் உள்ளே நிற்கும் குளிர்காற்று கிளம்பிவிடும். வாயை அடைக்காமல் மூன்று நான்கு குச்சிகள் போதும், நுனி மட்டும் எரிய வேண்டும். அடியில் இரும்புக் கம்பித் தட்டு வைத்தால் கீழிருந்து காற்று கிடைக்கும், தணல் மிஞ்சாது.

கேட்டவர்:
கூரை ஓட்டைப் பிரிக்காமல் குழாயை வெளிச்சுவரை ஒட்டியே மேலே ஏற்றலாமா?

பதில் 1:
ஏற்றலாம். திருப்பத்தில் எல்போவுக்குப் பதில் டீ (T வடிவ இணைப்பு) வைத்து, கீழ் முனைக்கு மூடி போடுங்கள். அதைத் திறந்து மாதம் ஒருமுறை கரியைத் தட்டிவிடலாம். மேல் குழாயின் முனை கீழ்க் குழாய்க்குள் இறங்கும்படி சொருகினால் கசிவு வெளியே வராது. ஓட்டு விளிம்பின் மரத்துக்கும் அதே ஒன்றரை அடி. தணல் இருக்கும்வரை குழாயை அடைக்க வேண்டாம், அந்த அறையில் யாரும் தூங்கவும் வேண்டாம்: தணலில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.