மோங்கோடிபியில் பழைய செஷன்கள் அழியவில்லை, உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பினாங்கு லிட்டில் இந்தியாவில் மாமாவின் பூமாலைக் கடைக்கு எக்ஸ்பிரஸில் (நோட்.ஜேஎஸ் வலைச் சட்டகம்) ஆர்டர் தளம் செய்து கொடுத்தேன். செஷன்கள் (ஒவ்வொரு வாடிக்கையாளரின் வருகை விவரமும் கூடையும்) மோங்கோடிபி தரவுத்தளத்தில்; காலாவதியானவை தானாக அழிய டிடிஎல் இண்டெக்ஸும் போட்டிருக்கிறேன். அது 60 விநாடிக்கு ஒருமுறைதான் துடைக்கும், சரி. ஆனால் போன மாதத்துச் செஷன்கள்கூட அப்படியே கிடக்கின்றன.

நோண்டிப் பார்த்தால், காலாவதி நேரம் தேதி வகையில் இல்லாமல் வெறும் ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) பதிவாகியிருக்கிறது. அப்படியிருந்தால் டிடிஎல் அதைத் தொடவே தொடாது. (சேமிப்பு நிரலை நானே எழுதிய லட்சணம்!)

புதியவற்றுக்குத் திருத்திவிட்டேன். பழையதைத் தேதியாக மாற்றுவதா, கலெக்‌ஷனையே டிராப் செய்வதா (செஷன் தொகுப்பை மொத்தமாக நீக்குவதா)? டிராப் செய்தால் இண்டெக்ஸும் போகும், வாடிக்கையாளர்கள் கூடையில் போட்ட மாலையும் போகும். தைப்பூசம் வேறு நெருங்குகிறது. ஓடும் தளத்தில் இதைச் செய்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.