மறு: இம்பக்ட் ரென்ச்சுக்கு என்ன பெயர்? ‘மொத்துசாவி’ என்று வைப்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘அண்மையில் யார் என்ன சாமான் வாங்கினீர்கள்’ என்று தொடங்கிய இழை, ஒரு கிழமைக்குள் சொற்சண்டையாக மாறிவிட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். படம் போட்டு விலை விசாரிக்க வேறு இடங்கள் உண்டு. மோட்டார் திருத்தம் பழகும் பெடியளுக்கான தமிழ்க் கையேட்டில் எந்தச் சாமானை என்ன பெயரால் எழுதுவது என்பதை இங்கேதான் தீர்க்க முடியும். ஆனாலும் நான் வாங்கியதைச் சொல்லாமல் சொல்லுக்கு வந்தால் சுன்னாகத்து அண்ணை விடமாட்டார். ஆகவே முதலில் அது.

18 வோல்ற் பற்றரியில் ஓடும் இம்பக்ட் ரென்ச் (இறுகிய நட்டை அடித்து அடித்துக் கழற்றும் யந்திரம்) ஒன்று, அரை அங்குலச் சதுரத் தலை. அதற்கென்றே செய்த, நட்டின்மேல் மாட்டும் கறுப்புச் சொக்கற் தொகுதி. நட்டை வைத்த அளவுக்கு மட்டும் இறுக்கும், 40 முதல் 210 நியூற்றன் மீற்றர் வரை வைக்கக்கூடிய ரோர்க் ரென்ச் ஒன்று. ஜப்பானில் பாவித்துக் கழித்த கிறைண்டர் ஒன்றும் மலிவாகக் கிடைத்தது, தொடவில்லை. அவர்கள் வீட்டு மின்சாரம் 100 வோல்ற், எங்களுடையது 230. இடையில் ஒரு மின்மாற்றி வைக்காமல் செருகினால் கிறைண்டர் அன்றைக்கே புகைந்துவிடும். மாற்றியின் விலையையும் கூட்டிப் பார்த்தால் மலிவு மலிவாக இல்லை.

பெட்டியில் 48, 88 என்றெல்லாம் வோல்ற் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம் என்று தம்பிமாருக்குச் சொல்லி வைக்கிறேன். லித்தியம் அயன் கலம் ஒன்று 3.6 வோல்ற். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. முழுக்க மின்னேற்றிய உடனே அதே கலம் 4.2 வோல்ற் காட்டும், ஐந்துக்கு 21. எனவே 18 என்று விற்பதும் 21 என்று விற்பதும் பெரும்பாலும் ஒரே பற்றரிதான். 88 வரவேண்டுமென்றால் இருபதுக்கு மேற்பட்ட கலத்தைத் தொடராக இணைக்கவேண்டும். ஒருமுறை அப்படி ஒரு பெட்டியை எனக்கு விற்கப் பார்த்த கடைக்காரரிடம் “இதுக்குள்ளை எத்தினை கலம் அண்ணை?” என்று கேட்டேன். அவர் உடனே தேநீர் சொல்லிவிட்டார்.

இந்த யந்திரம் யாழ்ப்பாணத்தில் திடீரென்று எல்லாருடைய கையிலும் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் விற்றுத் தள்ளவேண்டிய கார்களையும் கையேஸ் வான்களையும் திருத்தித் திருத்தியே ஓட்டினார்கள். ஊர்காவற்றுறை, காரைநகர், பருத்தித்துறைப் பக்கத்து வாகனங்களின் அடிப்பாகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்றில் நட்டும் போல்ட்டும் ஒன்றாகவே வளர்ந்திருக்கும். முன்பு இதற்கெல்லாம் கொம்பிரசர் காற்றில் ஓடி நட்டுக் கழற்றும் எயார் கன் இருந்தது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது கொம்பிரசர் மூலையில் சும்மா கிடந்தது. அப்போது பற்றரிக்கு மாறியவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். இதுவரை வந்த முன்மொழிவுகள் இவை.

> கணத்தாக்கு முறுக்கி

இயற்பியல் மாஸ்டர் அனுப்பியது. இலக்கணமாகச் சரி, பொருளும் சரி. மிகக் குறுகிய நேரத்தில் பெரிய விசை செயற்படுவதைக் கணத்தாக்கு என்றுதான் உயர்தரத்தில் படித்தோம். ஆனால் மாஸ்டர், காருக்குக் கீழே படுத்திருக்கிறவன் கையை நீட்டி “தம்பி, அந்தக் கணத்தாக்கு முறுக்கியை எடு” என்று கேட்கமாட்டான். கேட்டாலும் சொல்லி முடிப்பதற்குள் தம்பி வேறு எதையாவது எடுத்துக் கொடுத்திருப்பான்.

> தாக்க முறுக்கி

எங்கள் பாடப்புத்தகங்களில் தாக்கம் ஏற்கனவே இரண்டு வேலை பார்க்கிறது. இரசாயனத்தில் இரசாயனத் தாக்கம், பௌதிகத்தில் தாக்கமும் மறுதாக்கமும். இங்கே இரண்டாவது வேலை பெரிய வில்லங்கம். இந்த யந்திரத்தின் சிறப்பே பிடித்திருக்கும் கைக்கு மறுதாக்கம் பெரிதாக வராமல் இருப்பதுதான். அதற்குப் போய்த் ‘தாக்க முறுக்கி’ என்று பெயர் வைத்தால், படிக்கிற பிள்ளை நேர்மாறாக விளங்கிக்கொள்ளும்.

> காற்றுத் துவக்கு

கோண்டாவில் தம்பி பகிடிக்கு எழுதினாரோ உண்மையாக எழுதினாரோ தெரியவில்லை. எயார் கன்னுக்கு நேர்ச்சொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பற்றரியில் ஓடுவதில் காற்றே இல்லை. மற்றது, “பையில் என்ன?” என்று வீதியில் மறித்துக் கேட்டால் “துவக்கு” என்று பதில் சொல்ல இந்த ஊரில் யாருக்கும் துணிவு வராது. அந்தச் சொல்லை இந்தக் கையேட்டுக்குள் கொண்டுவரவேண்டாம்.

> இறுக்கி

சுருக்கமாக இருக்கிறது, ஆனால் பாதி வேலையைத்தான் சொல்கிறது. நாங்கள் இதைக் காசு கொடுத்து வாங்குவதே கழற்றத்தான். இறுக்குவதற்கு இதை நம்பி, சக்கர நட்டின் மரையை (திருகுப் புரியை) வழுக்கவிட்ட கராஜ்கள் உண்டு. அதைப்பற்றிக் கீழே சொல்கிறேன்.

பெயர் வைக்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பழுதான ஒன்றின் முன்மூடியைக் கழற்றினால் முதலில் சதுரத் தலை வரும். அதன் பின்பக்கத்தில் இரண்டு காது நீட்டிக்கொண்டிருக்கும், அந்தத் துண்டுதான் பட்டடை. அதற்குப் பின்னால் பாரமான உருக்கு வளையம் ஒன்று, முகத்தில் இரண்டு பல், அது சுத்தியல். சுத்தியலை ஒரு கனத்த சுருள்வில் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். நடுத்தண்டில் வளைந்து ஏறும் கோண வடிவப் பள்ளம், அதற்குள் இரண்டு உருக்குக் குண்டுகள். நட்டு இலகுவாகச் சுழலும்வரை சுத்தியலும் பட்டடையும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே சுற்றும், சத்தமே இல்லை. நட்டு மறுத்தவுடன் பட்டடை நிற்கும், மோட்டர் நிற்காது. குண்டுகள் பள்ளத்தில் ஏறிச் சுத்தியலைப் பின்னால் இழுக்கும், பல் காதைத் தாண்டும், வில் சுத்தியலை முன்னால் விடும், சுத்தியல் சுழன்று வந்து அடுத்த காதில் பக்கவாட்டாக ஓங்கி அறையும். இது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் நடக்கிறது. நாங்கள் கேட்கும் ‘டடடட’ அதுதான்.

அடி ஒவ்வொன்றும் கணநேரத்தில் முடிந்துவிடுவதால் எதிர்த்திருப்பம் கைக்கு வந்துசேர நேரம் இல்லை. அதனால்தான் நூற்றுக்கணக்கான நியூற்றன் மீற்றர் கொடுக்கும் யந்திரத்தை ஒரு கையால் பிடிக்க முடிகிறது. சாதாரண துளைகருவி அதே திருப்பத்தைத் தொடர்ந்து கொடுத்தால் மணிக்கட்டை முறித்துவிடும்.

இப்போது பழைய முறையை நினைத்துப் பாருங்கள். அசையாத நட்டுக்கு ரிங் ஸ்பானரைப் போட்டு, பிடியின் நுனியில் சுத்தியலால் நாலு மொத்து மொத்துவோம். கைப்பலத்துக்கு அசையாதது மொத்துக்கு அசையும். யந்திரம் செய்வதும் இதே வேலை, சுத்தியலும் ஸ்பானரும் ஒரே கூட்டுக்குள் அடங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே என் முன்மொழிவு: மொத்துசாவி. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ஆகவே நடுவில் ‘ச்’ போடத் தேவையில்லை.

‘தட்டுசாவி’ என்று வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். தட்டு என்றவுடன் சாப்பாட்டுத் தட்டும் நினைவுக்கு வருகிறது, அடியும் மெதுவாகிவிடுகிறது. கதவைத் தட்டுகிறோம், முதுகில் தட்டிக் கொடுக்கிறோம். துருப்பிடித்த நட்டுக்குத் தட்டு போதாது. மொத்து என்பதில் பலமும் இருக்கிறது, திரும்பத் திரும்ப விழுவதும் இருக்கிறது.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி. சுவரில் துளைபோடும் ஹாமர் ட்றில்லையும் சிலர் ‘தாக்கு’ என்றே எழுதுகிறார்கள். இரண்டும் அடிக்கின்றன, ஆனால் அடியின் திசை வேறு. ட்றில்லின் அடி அலகின் நீளத்தோடு முன்னும் பின்னும் போகிறது, உரலில் உலக்கை போல. இம்பக்ட் ரென்ச்சின் அடி சுற்றும் திசையில் பக்கவாட்டாக விழுகிறது. முன்னதற்கு இடி, பின்னதற்கு மொத்து என்று பிரித்துவிட்டால் குழப்பம் இல்லை: இடிதுளைகருவி, மொத்துசாவி. கால் அங்குல அறுகோணத் துளை உள்ள சின்னது, திருகாணிக்குப் பாவிப்பது, மொத்துதிருகி ஆகட்டும். அதில் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

ஸ்பானரைச் ‘சாவி’ என்று எழுதுவதைப் பற்றி ஏற்கனவே இரண்டு மறுப்பு வந்தது. ஒன்று, சாவி என்றால் பூட்டுத் திறப்பது அல்லவா என்று. அது தமிழ்நாட்டு நண்பர்களுக்கு வரும் சிக்கல். எங்களுக்குப் பூட்டைத் திறப்பது திறப்பு, வாகனத்தை ஸ்ரார்ட் பண்ணுவதும் திறப்பு. ஆக எங்கள் ஊரில் சாவி என்ற சொல்லுக்குப் பெரிய வேலை இல்லை, அதை ஸ்பானருக்குக் கொடுத்தால் நட்டம் யாருக்கும் இல்லை. இரண்டாவது மறுப்பு, அது தமிழே இல்லை, போர்த்துக்கேயச் சொல் என்பது. உண்மைதான். ஆனால் போர்த்துக்கேய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பூட்டின் திறப்பு என்றும் பொருள், ஸ்பானர் என்றும் பொருள். அவர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1619 முதல் 1658 வரை, விட்டுப்போன சொல்லோ இன்னும் இருக்கிறது. அதன் மற்றப் பாதிப் பொருளையும் எடுத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் சொல் செய்து தள்ளவேண்டும் என்ற கட்சியில் நான் இல்லை. நட்டு, போல்ட், வாசர், சொக்கற், கிறீஸ் எல்லாம் இருந்தபடி இருக்கட்டும். ‘மரை’ போல எங்களிடமே உயிரோடு இருக்கும் சொல் வேறு. ஆள் கொஞ்சம் பிசகு என்றால் மரை கழண்டவன் என்று கராஜுக்கு வராதவர்களும் சொல்கிறார்கள். மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தபோது, நூல்களைத் தமிழாக்கத் துணைநின்றவர்கள் அவரிடமே படித்த இந்த ஊர் மாணவர்கள். சொல்லைச் செய்தவர்களே அதை நோயாளிக்குப் பக்கத்தில் நின்று பாவிக்கவும் வேண்டியிருந்தது. எங்கள் பட்டியலும் அச்சுக்குப் போக முன் ஏதாவது ஒரு கராஜில் கொஞ்ச நாள் புழங்கவேண்டும்.

ரோர்க் ரென்ச்சுக்கு வந்த ‘முறுக்குவிசைச் சாவி’யை நான் எதிர்க்கிறேன். நீளம் ஒரு குறை. பெரிய குறை, ரோர்க் (திருப்பம்) விசையே இல்லை. விசையை நியூற்றனில் அளக்கிறோம், இதை நியூற்றன் மீற்றரில். பிடியின் நீளம் இல்லாமல் இதற்குப் பொருள் கிடையாது. ரொயோட்டா கார் பலவற்றின் சக்கர நட்டுக்கு 103 நியூற்றன் மீற்றர் என்று போட்டிருப்பார்கள். 40 சென்ரிமீற்றர் நீளமான பிடியென்றால் அதன் நுனியில் ஏறத்தாழ 26 கிலோ பாரம் தொங்குவதற்குச் சமன். பிடி பாதியானால் பாரம் இரட்டிக்கும், ஆனால் நட்டுக்குப் போகும் அளவு அதேதான். இதை விசை என்று பெயரிலேயே எழுதிவிட்டு, பிறகு வகுப்பில் விசை அல்ல என்று விளங்கப்படுத்துவது வீண் வேலை.

என் விருப்பம் ‘அளவுச்சாவி’. வைத்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும் சாவிக்கு வேறு என்ன பெயர்? மொத்துசாவியால் கழற்று, கையால் சுழற்றிப் பூட்டு, அளவுச்சாவியால் இறுக்கு என்று ஒரே வரியில் பெடியளுக்குச் சொல்லலாம். மேலே சொன்ன மரை வழுக்கல் இந்த வரியைக் கடைப்பிடிக்காததால் வருவது. மொத்துசாவி எவ்வளவு இறுக்கியது என்று கைக்குத் தெரியாது. குதிரையை (விரலால் அழுத்தும் ஆளியை) அழுத்தியபடி இன்னும் கொஞ்சம் நின்றால் 103 எங்கே போய்விட்டது என்று நட்டுக்குத்தான் தெரியும். அதேபோல அளவுச்சாவியைக் கழற்றப் பாவிக்கக்கூடாது, வேலை முடிந்ததும் அதன் அளவை ஆகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் வில் சோர்ந்து அளவு பொய்க்கும். இந்த இரண்டும் கையேட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே வரவேண்டும் என்று கேட்கிறேன்.

சொக்கற்றைப் பற்றியும் ஒரு குறிப்புப் போடுங்கள். பளபளவென்று மின்னும் குரோம் பூசிய சொக்கற் கைக்கு உரியது. மொத்துசாவியில் போட்டால் ஒருநாள் வெடிக்கும், துண்டு முகத்துக்கு வரும். சுவர் தடித்த கறுப்புச் சொக்கற்றுகள்தான் இதற்குச் செய்தவை. அவற்றை ‘மொத்துசொக்கற்’ என்றே எழுதலாம். பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று மொழிபெயர்ப்பாளர் ஐயா முகம் சுளிப்பார், தெரியும். பரவாயில்லை, கண் தப்பினால் போதும்.

பழைய மொரிஸ் மைனர் வைத்திருக்கும் வட்டுக்கோட்டை அண்ணை, அங்குல ஸ்பானருக்கும் தனிப்பெயர் வேண்டும் என்று கேட்டிருந்தார். வேண்டியதில்லை அண்ணை, அங்குலச்சாவி என்றாலே விளங்கும்.

ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருகும் ரற்செற்றுக்கு வந்த ‘ஒருவழிச்சாவி’ நல்ல சொல்தான், ஆனால் தலையில் இருக்கும் சின்னப் பிடியை மாற்றிவிட்டால் அது மறுவழியும் திருகுமே. முன்மொழிந்த தம்பி அதற்கு என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.