டிஸ்னி லோர்கானா தாக்குப்பிடிக்குமா? ஆடினவர்களின் அனுபவம்

ஸ்காபரோ அப்பா

பிள்ளைக்கு லோர்கானா (டிஸ்னி பாத்திரங்களை வச்சு ஜெர்மன் கம்பனி ரேவன்ஸ்பர்கர் விடுற காட் விளையாட்டு) தொடங்கிக் குடுக்கலாமா, இல்லை ரெண்டு வருசத்தில இழுத்து மூடிப்போடுவாங்களோ எண்டு இஞ்ச ஒருத்தர் கேட்டிருக்கிறார். என்ர மகள் முதல் செட்டிலயிருந்து, அதாவது முதல் விட்ட காட் தொகுதியிலயிருந்து, ஆடுறாள். கண்டதைச் சொல்லுறன்.

2023 ஆகஸ்ட் 18 காட் கடைகளுக்கு, செப்டம்பர் 1 பெரிய கடைகளுக்கு எண்டு திகதி வச்சு விட்டவை. இஞ்ச கனடாவில எங்கட பக்கம் ரெண்டு திகதியிலயும் சாமான் வந்த கையோட முடிஞ்சுது. வரிசையில எனக்கு முன்னால நிண்டவர் பெட்டியை வாங்கின உடனயே ஃபோனில படம் எடுத்து விலை போட்டுக்கொண்டு நிக்கிறார். நீங்கள் ஆடுறனீங்களோ எண்டு கேட்டன். "எனக்கு விதிமுறையே தெரியாது" எண்டு சிரிச்சார். சனம் அள்ளுப்பட்டு நிண்டால் விளையாட்டு வெற்றி எண்டு நினைக்கிறது லேசு. அந்த வரிசையில பாதி அடுத்த மாசம் வேற ஏதோ ஒண்டைத் தேடிப் போற சனம்.

பிறகு ரேவன்ஸ்பர்கர் முதல் செட்டைத் திரும்பவும் அச்சடிச்சு விட்டது. காட் பக்கற் விலை விழுந்தது. பெட்டி பதுக்கினவை புறுபுறுத்தினம். மகளின்ர சிநேகிதிகளுக்கு அப்பதான் கைக்காசில வாங்க ஏலுமாச்சு. என்னைக் கேட்டால், எங்கட பக்கம் இந்த விளையாட்டு தொடங்கினதே அண்டைக்குத்தான்.

ஆட்டம் நல்லது, அதில சந்தேகமில்லை. ஆறு மை நிறம்; ஒரு டெக்கில (ஆடக் கொண்டுவாற காட் கட்டு) கூடினது ரெண்டு நிறம், குறைஞ்சது 60 காட். முதல்ல 20 லோர், அதாவது புள்ளி, சேர்க்கிறவர் வெற்றி. மற்றவரை அடிச்சு விழுத்தியே ஆகவேணும் எண்டில்லை, அதால சின்னப் பிள்ளையள் முகம் சுழிக்காமல் ஆடுதுகள். ஒவ்வொரு முறையும் கையில இருக்கிற ஒரு காட்டைக் கவிட்டு வச்சு மையாக்கலாம்; மற்றக் காட்டுகளுக்கு விலை குடுக்கிறது அந்த மையாலதான். ஆனால் விலை இலக்கத்தைச் சுத்திச் சுருள் போட்ட காட் மட்டும்தான் மையாகும். மேஜிக் எண்ட பழைய காட் விளையாட்டில, விலை குடுக்கிற லேண்ட் காட் வராமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்து தோக்கிற கொடுமை இதில குறைவு. அதுக்குப் பதிலா, எந்த நல்ல காட்டைப் பலி குடுக்கிறது எண்டு தலை வெடிக்கும்.

எனக்குப் பிடிச்சது பாட்டுக் காட்டுகள். ரெண்டு காட் எடுக்க விடுற பாட்டு ஒண்டு இருக்கு, விலை மூண்டு மை. மூண்டோ கூடவோ விலையுள்ள பாத்திரம் மேசையில இருந்தால் அதைச் சரிச்சு வச்சிட்டுப் பாட்டைச் சும்மா போடலாம். மகள் என்னோட ஆடேக்க காட்டைச் சரிச்சுப்போட்டு, "இவ பாடுறா அப்பா, காசில்லை" எண்டு ரெண்டை உருவுவாள். அந்த ஒரு விதியைச் சொன்னால் போதும், டிஸ்னி படம் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் மிச்சம் பிடிபட்டிடும்.

பழைய டெக், சென்னை

அண்ணா, ஆட்டம் நல்லாருக்குங்கறதுல எனக்கும் சந்தேகம் இல்ல. என் பயம் வேற. அமெரிக்கால படிக்கும்போது நான் ஸ்டார் வார்ஸ் டெஸ்டினிங்கற கார்டு கேம் ஆடினவன். 2016ல வந்தது, கார்டோட டைஸும் உண்டு. ஆரம்பத்துல எங்க கடைல டேபிள் பத்தாம பசங்க நின்னுட்டே வேடிக்கை பார்ப்பாங்க. 2020ல நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடியே நானும் கடைக்காரரோட தம்பியும் மட்டும்தான் மாத்தி மாத்தி ஆடிட்டு இருந்தோம். டைஸ் டப்பா இன்னும் வீட்ல இருக்கு. எதிர்ல உக்கார ஆள் இல்லாத டப்பாவ வெச்சு என்ன பண்றது?

அதே ஸ்டார் வார்ஸ்ல 1995லயே டெசிஃபர்னு ஒரு கம்பெனி கார்டு கேம் போட்டு ஓஹோன்னு வித்துச்சு. 2001 முடிவுல லைசென்ஸ் போச்சு, கேமும் போச்சு. ஆட்டத்துல குறை இருந்து நின்னது இல்ல. அடுத்து மேஜிக் போடற விசர்ட்ஸ் அதே பேர்ல ஒண்ணு கொண்டுவந்தாங்க, அதுவும் நிக்கல. எல்சாவும் மிக்கியும் டிஸ்னியோடது, ரேவன்ஸ்பர்கர் சொத்து கிடையாது. வாடகை வீட்டுக்கு எவ்வளவு செலவு பண்ணி பெயிண்ட் அடிச்சாலும் ஓனர் சொன்னா காலி பண்ணித்தானே ஆகணும்.

ஆனா ஒண்ணு. டெசிஃபர் கேமை ரசிகர்களே கமிட்டி போட்டு, புது கார்டு டிசைன் பண்ணி, பிரிண்ட் எடுத்து கவர்ல சொருகி இன்னிக்கும் ஆடறாங்க. கம்பெனி கைவிட்டாலும் ஆடறவங்க விடலன்னா உயிர் இருக்கும்.



ஸ்டுட்கார்ட் அம்மா

ரேவன்ஸ்பர்கர் எங்கள் மாநிலத்துக் கம்பெனி, 1883இல் தொடங்கியது. இங்கே பிள்ளைகள் உள்ள வீடு என்றால் அவர்களுடைய ஜிக்சா பெட்டி ஒன்றாவது இருக்கும். சேகரிப்பவர்களின் ஆரவாரத்தில் மேலே போன மெட்டாஸூ என்ற கார்டு விளையாட்டுக் கம்பெனி 2024 தொடக்கத்தில் மூடப்பட்டது நினைவிருக்கலாம். அதுபோல் இவர்கள் திடீரென்று காணாமல் போகமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் லாபம் வராத பொருளை இப்படிப்பட்ட பழைய கம்பெனி சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து எடுத்தும் விடும்.

எங்கள் வீட்டில் பெரிய அடி 2025 செப்டம்பரில் விழுந்தது. ஃபேபிள்ட் செட் வந்ததும் முதல் நான்கு செட்டும் முக்கியப் போட்டி முறையிலிருந்து வெளியே போயின. பின்னால் வந்த செட்டுகளில் மறுபடி அச்சானவை மட்டும் தப்பித்தன. மகன் டெக்கைப் பிரித்து, ஆடக்கூடியது, கூடாதது என்று தரையில் இரண்டு அடுக்காக வைத்தான். கூடாத அடுக்குதான் உயரம். இன்ஃபினிட்டி முறையில் எல்லாக் கார்டும் ஆடலாம் என்று சமாதானம் சொன்னேன். "அது எங்கள் கடையில் நடக்கிறதில்லையே அம்மா" என்றான். அவன் சொன்னது சரிதான்.

ஸ்காபரோ அப்பா

ஸ்டுட்கார்ட் அக்கா, மகளுக்கும் அதே கதைதான். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வச்சிருந்தாள். ஆனால் நான் அதைக் கெட்டதாப் பார்க்கேல்ல. பழைய காட் எல்லாம் செல்லும் எண்டு விட்டால் புதுசாத் தொடங்கிற பிள்ளை ஏற்கனவே காட் சேர்த்து வச்சிருக்கிறவனோட சரிக்குச் சமன் வாறதே கஸ்டம். முதல் பெரிய செட் மாற்றத்தைத் தாண்டி ஆக்கள் கடைக்கு வருகினமோ எண்டதுதான் பார்க்கவேண்டிய விசயம். எங்கட கடையில வந்தவை, முந்தின அளவு இல்லை.

சென்னைத் தம்பி சொன்ன லைசென்ஸ் பயம் நியாயம். அதைவிடக் கிட்டத்தில இருக்கிற ஆபத்து எனக்குத் தெரியிறது கடைக்காரரின்ர கலண்டர். புதுப் புதுக் காட் விளையாட்டா வருது: 2022இல வன் பீஸ், 2024இல ஸ்டார் வார்ஸ் அன்லிமிட்டட், 2025இல குண்டம், அதே வருசக் கடைசியில ரயட் கம்பனியின்ர ரிஃப்ட்பவுண்ட். எல்லாத்துக்கும் மேசை வேணும். கடைக்கு இருக்கிறது கிழமையில ஏழு இரவு, அதில வெள்ளிக்கிழமை மேஜிக்குக்குப் போயிடும். லோர்கானாவை எங்கட கடை ஞாயிறு பின்னேரத்துக்கு மாத்தினது. எல்லாரும் "போச்சு" எண்டினம். குடும்பமா வாறவைக்கு அதுதான் தோது எண்டு இப்ப தெரியுது.

கேட்ட ஆளுக்கு என்ர பதில்: பெட்டி வாங்கி உடைக்காமல் வச்சுப் பணம் பண்ண நினைச்சால் வேண்டாம். திரும்ப அச்சடிக்கத் தயங்காத கம்பனி இது, அது ஆடுறவைக்கு நல்லம், பதுக்கிறவைக்கு இல்லை. பிள்ளைக்கு எண்டால் முதல்ல ஒரு பின்னேரம் உங்கட கடையில போய் சும்மா இருந்து பாருங்கோ. ரெண்டு ஆட்டமும் தோத்த பிள்ளை அடுத்த கிழமையும் வருதோ எண்டு கடைக்காரரைக் கேளுங்கோ. வருதெண்டால் இப்ப செல்லுற செட்டின்ர ஸ்டார்ட்டர் டெக் (ஆயத்தமா அடுக்கின கட்டு) ஒண்டு வாங்குங்கோ, 60 காட்டும் அதிலயே இருக்கு. பக்கற் பிறகு பார்க்கலாம்.

மார்க்கம் பக்கம் ஞாயிறு மேசை போடுற கடை ஆருக்காவது தெரியுமோ? மகள் எங்கட கடையில எல்லாரோடயும் ஆடி முடிச்சிட்டாளாம்.