பதில்: 'சிமென்ட் நோய்' வேண்டாம், 'எலும்புக்கரைவு' என்போம்

ஐயா, வணக்கம். நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலுக்காக, இடுப்பு மூட்டு மாற்றிச் சில ஆண்டுகள் கழித்து, செயற்கை மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு குழிகுழியாகக் காணாமல் போவதற்குச் 'சிமென்ட் நோய்' என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயரை நாம் தொடவே கூடாது என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் 1987இல் அப்படித்தான் பெயரிட்டார்கள். சிமென்ட் என்பது செயற்கை மூட்டை எலும்பில் பதிக்கும் அக்ரிலிக் கலவை. தளர்ந்த மூட்டுகளைச் சுற்றிய திசுவில் அதன் துணுக்குகள் கிடந்ததால் பழி அதன்மேல் விழுந்தது. சிமென்ட் இல்லாத மூட்டுகளிலும் அதே குழிகள் வந்தபோதுதான் பெயர் தவறென்று தெரிந்தது.

முதன்மைக் காரணம், இடுப்பெலும்பின் குழியில் பொருத்தும் பாலிஎத்திலீன் என்ற நெகிழிக் கிண்ணம். தொடை எலும்பின் தலைக்கு மாற்றாக வைத்த உலோகக் குண்டு அதில் உரச உரச, மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் உதிர்கின்றன. விழுங்குசெல்கள் அவற்றை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. அப்போது விழுங்குசெல்கள் விடும் சமிக்ஞைகள், எலும்பைக் கரைக்கும் எலும்புண்ணிச் செல்களைத் தூண்டிவிடுகின்றன. சிமென்ட் துணுக்கும் இதைச் செய்யும், ஆனால் அது மட்டுமல்ல. பெயரில் அதை மட்டும் குற்றவாளியாக்குவது அநியாயம்.

இங்கிலாந்தில், லங்காஷயரின் ரைட்டிங்டன் மருத்துவமனையில், இடுப்பு மூட்டு மாற்று அறுவையின் முன்னோடியான ஜான் சார்ன்லி 1962 நவம்பரில் பாலிஎத்திலீனுக்கு மாறியதே, அவருடைய டெஃப்லான் கிண்ணங்கள் விரைவில் தேய்ந்து, துகள்கள் திசுவைக் கெடுத்ததால்தான். டெஃப்லானைத் தம் தொடையிலேயே பதித்துச் சோதித்தவர் அவர். துகளின் கதை அங்கேயே தொடங்கிவிட்டது.

'எலும்பரிப்பு' பொருத்தமாகத் தோன்றும். ஆனால் நோயாளி அதைச் சொறிகிற அரிப்பு என்றே எடுத்துக்கொள்வார். 'எலும்புத் தேய்மானம்' ஏற்கெனவே மூட்டுவலிக்குப் போய்விட்டது. எலும்புண்ணிச் செல் அமிலம் சுரந்து எலும்பின் தாதுவைக் கரைக்கிறது, ஆகவே 'எலும்புக்கரைவு' நடப்பதை உள்ளபடி சொல்கிறது. 'துகள்வழி எலும்புக்கரைவு' என்றால் காரணமும் விளங்கும்.

சிமென்டுக்கு 'எலும்புப் பசை' என்ற பெயரும் வேண்டாம். அந்த அக்ரிலிக் ஒட்டுவதில்லை, எலும்பின் நுண்துளைகளில் புகுந்து இறுகிப் பிடிக்கிறது. வார்டில் எல்லோரும் சொல்லும் 'சிமென்ட்' இருக்கட்டும்.

---

தம்பிக்கு,

எலும்புக்கரைவு எனக்குச் சம்மதம். 'துகள்வழி' என்பதை வேண்டிய இடத்தில் மட்டும் சேர்ப்போம். புற்றுக்கட்டியும் தொற்றும்கூட எலும்பைக் கரைக்கும், அவற்றுக்கும் அடிச்சொல் இதுவே இருக்கட்டும்.

அடுத்து, எக்ஸ்ரேயில் சிமென்டுக்கும் எலும்புக்கும் நடுவே தெரியும் மெல்லிய கருங்கோடு. 'தளர்வுக்கோடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சரியல்ல. சிமென்ட் இறுகும்போது எழும் சூட்டிலும் அறுவையிலும் விளிம்பு எலும்பு கொஞ்சம் இறந்துபோகிறது, பிறகு புது எலும்பு வளர்ந்து அந்த இடம் சீராகிறது; இந்த மாற்றமும் கோடாகத் தெரியலாம். அகலம் கூடாமல் அப்படியே நிற்கும் கோட்டோடு மூட்டு பல ஆண்டுகள் உறுதியாக இருக்கலாம். வருடத்துக்கு வருடம் அகலும் கோடுதான் கவலைக்குரியது. 'இடைக்கோடு' என்று வைத்து, அகன்றால் 'அகலும் இடைக்கோடு' என்போம். மற்றவர்களும் சொல்லுங்கள்.